துண்டுக்குள் ஒரு டாட்காம்

வாயால் விலை சொல்லாமலே முப்பது வருஷம் கடை நடத்திய மனுஷன் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார்: ராயபுரம் கயிறு பாய். பழைய கப்பல் கயிறு விற்பவர். அப்பா மாட்டுத் தரகர் என்பதால், சந்தை வழக்கத்தைக் கயிற்றுக் கடைக்கும் கொண்டுவந்துவிட்டார். வாங்க வந்தவர் கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து அழுத்தித் தொகையைச் சொல்லித்தான் பேரம். "வெலய வாயால சொன்னா பரக்கத்து பூடும் நைனா, யாவாரம் விருத்தியாவாது" என்பார்.

இந்த மகானோடுதான் நான் கூட்டு சேர்ந்தேன். ஊரெல்லாம் டாட்காம் பைத்தியம் பிடித்திருந்த காலம். எண்ணூர் ஃபேக்டரி வேலையை உதறிவிட்டு, அவர் கடை மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். கொழும்பு, பினாங்கு வரை சரக்கு விற்க ஓர் இணையச் சந்தை தொடங்குவதுதான் திட்டம். கயிறு அவருடையது, கம்ப்யூட்டர் என்னுடையது. ஆறு மாசத்தில் ஒரு வியாபாரமாவது நடக்காவிட்டால் மறுபடி எண்ணூருக்கே போய்விடுவதாக அம்மாவுக்குக் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன்.

வெப்சைட்டில் கயிறு படம் பளிச்சென்று இருந்தது. விலை போட மட்டும் பாய் விடவில்லை. "ஊருக்கே வெலய காட்டுவியா? கலீஜா இல்ல?" கடைசியில் "விலை: துண்டுக்குள்" என்று போட்டோம். ஐந்து மாசம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

ஆறாம் மாசம் பினாங்குத் தமிழர் ஒருவர் மெயில் அனுப்பினார். இருநூறு சுருள் வேண்டும், என்ன விலை? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாயோ, "இஸ்துகினு வா அவர. கைய புடிக்காம இன்னா வெல?" என்றார். கெஞ்சிக் கூத்தாடி வெப்கேம் முன்னால் உட்காரவைத்தேன். உட்கார்ந்ததும் கேமராமேல் துண்டைப் போட்டு, உள்ளே கையை விட்டு, லென்ஸுக்கு நேராக மூன்று விரலை மடக்கினார்.

"ஒரே இருட்டாக இருக்கிறதே" என்று பினாங்கிலிருந்து டைப் செய்தார் அவர்.

"துண்டுக்குள்ள இருட்டாதாம்பா இருக்கும்!" என்றார் பாய்.

வேறு வழியில்லாமல் நானே பினாங்கு ஆனேன். ஒரு கையைத் துண்டுக்குள் கொடுத்தேன். பாய் அழுத்தும் விலையை மறு கையால் டைப் அடித்தேன். பதில் வந்தால் அவர் விரலை அழுத்தினேன். "யோவ், அடிமாட்டு வெலக்கு கேக்கிறியே, மனசாட்சி கீதா?" என்று என்னை முறைத்தார்.

"பாய், நா இல்ல, பினாங்கு!"

"கை உன்னுதுதான?"

ஒரு மணி நேரத்தில் பேரம் படிந்தது. பினாங்குக்காரர் "சரி" என்று டைப் செய்தார். நான் துள்ளிக் குதிப்பதற்குள், பக்கத்து சீட்டில் ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்த ஆள் ஸ்கிரீனை எட்டிப் பார்த்து, "இன்னா பாய், சுருளு நாலாயிரமா?" என்று உரக்கக் கேட்டுத் தொலைத்தான்.

பாய் முகம் செத்துப்போயிற்று. துண்டை உருவி மானிட்டருக்குப் போர்த்தினார். "வெல வெளிய வந்துட்ச்சு. யாவாரம் கேன்சல்." காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அசையவில்லை, பாவி மனுஷன்!

அடுத்த திங்கட்கிழமை எண்ணூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். அதுவரை அவரோடு பேச்சே இல்லை. மூச்சிரைக்க ஓடிவந்த பாய் என் கைமேல் துண்டைப் போட்டு விரல்களைப் பிடித்தார். அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார்.

"இது இன்னா சரக்கு பாய்?"

"நீதான் நைனா. என் பாட்னர் இன்னா வெல பெறுவான்னு சொன்னேன். வெளிய சொல்லாத."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துதான் அழுதேன். வீட்டுக்காரி எத்தனையோ தடவை துருவிக் கேட்டுவிட்டாள். அந்த விலையை இன்றுவரை நான் வாயால் சொன்னதில்லை.