உப்பு ஒத்துவராமல் சோறு கிடையாது

சங்கரன்கோவிலில் கடல் இல்லை என்று சொல்பவர்கள் கப்பல் அண்ணாச்சியின் மெஸ்ஸில் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். எழுபதுகளின் கடைசியில் வேலை கிடைத்து அந்த ஊருக்குப் போன எனக்கு அந்தப் பாக்கியம் வாய்த்தது. ஊரைச் சுற்றிக் கரிசலும் பருத்தியுமாகக் கிடக்க, அந்த ஓட்டுக் கட்டடத்துக்குள் மட்டும் இந்தியப் பெருங்கடல் அலையடித்துக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி இளவயதில் ஒரு ஆராய்ச்சிக் கப்பலில் சமையல்காரர். பல தேசத்து விஞ்ஞானிகள் சேர்ந்து கடலை அளந்த காலம். கப்பலை விட்டு இறங்கினாரே தவிர, கப்பல் பழக்கம் ஒன்றையும் அவர் இறக்கி வைக்கவில்லை. அலையில் தட்டு நழுவாதிருக்க மேஜை விளிம்பெல்லாம் ரீப்பர் கட்டை அடித்திருந்தார். விஞ்ஞானிகள் கடல்தண்ணீர் எடுக்கும்போது கப்பலிலிருந்து எதையும் கொட்டக் கூடாதாம். அதனால், "தண்ணி எடுக்காகளா?" என்று கொல்லைப்புறத்தில் நின்று கத்துவார். "இல்ல அண்ணாச்சி, கொட்டலாம்" என்று நாங்கள் பதில் சொன்ன பிறகுதான் வடிகஞ்சி சாக்கடைக்குப் போகும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். உப்பு விவகாரம்தான் பெரிய ரோதனை.

"ஒரே தண்ணிய ரஷ்யாக்காரனும் அமெரிக்காக்காரனும் பங்கு வச்சுக்கிடுவானுவ. தனித்தனியா எம்புட்டு உப்புன்னு அளந்து பாப்பானுவ. ரெண்டு கணக்கும் ஒத்துவந்தாத்தான் நோட்டுல எழுதுவானுவ. வெளிய அவனுவளுக்குள்ள எம்புட்டுச் சண்ட! கப்பல்ல மூச்சு விடமாட்டானுவ" என்பார்.

எங்கள் ரஷ்யா, கரண்ட் ஆபீஸ் ஓவர்சியர். அமெரிக்கா, தாலுகா ஆபீஸ் கிளார்க். தினமும் இருவருக்கும் தனித்தனிக் கிண்ணத்தில் சாம்பார் போகும். இருவரும் ஒரே பதிலைச் சொன்னால்தான் மற்றவர்களுக்குப் பரிமாறுவார்.

ஒருநாள் ஓவர்சியரின் சைக்கிளை இரவல் வாங்கிய கிளார்க், ஹேண்டில்பாரை வளைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். பேச்சுவார்த்தை நின்றது. ஆளாளுக்குத் தன் ஆபீஸ் கூட்டத்தோடு வேறு மெஸ் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். அந்த இரண்டு கூட்டத்தை விட்டால் மெஸ்ஸில் மிச்சம் நான்தான். அண்ணாச்சி அடுப்பை அணைக்க வேண்டியதுதான்.

மறுநாள் மத்தியானம் வழக்கம்போல் கிண்ணங்கள் வந்தன.

"உப்பு தூக்கல்" என்றார் ஓவர்சியர்.

கிளார்க் கிண்ணத்தைத் தொடக்கூட இல்லை. "கம்மி."

"அப்போ சோறு கிடையாது" என்று அண்ணாச்சி சாம்பார் சட்டியை மூடி, அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பானையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஆபீஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. என் வயிறு என்னையே திட்டியது.

ஓவர்சியர்தான் முதலில் திரும்பினார். "ஏன்வே, நெஞ்சத் தொட்டுச் சொல்லும். ருசி பாத்தீரா?"

"நீரு பாத்தீராக்கும்?"

இருவரும் ஒரே நேரத்தில் கிண்ணத்தை எடுத்துக் குடித்தார்கள். இருவர் முகமும் ஒன்றாகக் கோணியது.

"அண்ணாச்சி, உப்பே போடலையே!" இரண்டு தேசங்களும் ஒரே குரலில் சொன்னன.

மெஸ்ஸே சிரித்தது. ஓவர்சியர் கிளார்க்கின் முதுகில் தட்டினார். நான், "பலே ஆளுதான் அண்ணாச்சி, வேணும்னுதானே உப்பு போடாம விட்டிய?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இல்லய்யா, நெசமாவே மறந்துட்டேன். நீங்கள்லாம் போயிருவியளோன்னு காலையில இருந்து கையே ஓடல."

அந்த உப்பில்லாத சாம்பாருக்கு அன்று எல்லோருமே மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.