இஞ்சி ராவுத்தரும் அடியில் படிந்த வெள்ளையும்

உலகத்தில் எவனுக்கும் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் யாரென்று எனக்குத் தெரியாது. இன்னொருவர் கொழிஞ்சாம்பாறை இஞ்சி ராவுத்தர். மறுப்பவர்கள் நேரில் வரலாம், நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

ஐம்பதுகளில், பாலக்காட்டுப் பக்கத்து அந்த ஊரில், பொள்ளாச்சி பஸ் நிற்கிற இடத்தில் அவருடைய டீக்கடை. நான் பக்கத்துப் பள்ளியில் வாத்தியார். அந்தக் கடையில் இஞ்சி சேராதது தண்ணீர் ஒன்றுதான், அதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. டீயில் இஞ்சி, வடையில் இஞ்சி, தொட்டுக்கொள்ளப் புளியும் வெல்லமும் போட்டுக் காய்ச்சிய இஞ்சிக் கறி. யாராவது இஞ்சி போடாமல் டீ கேட்டுவிட்டால் போதும்.

"அதுக்குப் பேரு வெந்நீருங்க. அது உங்க ஊட்டுலயே கெடைக்கும், போயிட்டு வாங்க" என்று கும்பிட்டு அனுப்பிவிடுவார்.

வைத்தியமும் அவரே. பஸ்ஸில் குமட்டுகிறதா, உப்புத் தொட்ட இஞ்சித் துண்டு. தலைவலியா, நெற்றியில் சுக்குப் பற்று. அஜீரணமா, தேன் கலந்த இஞ்சிச் சாறு. மாமியாரோடு சண்டை என்று புலம்பியவருக்கும் இஞ்சி மரப்பா கொடுத்தார்.

"சண்டைக்கு இது எதுக்குங்க?"

"அவங்க வாயில போடுங்க. மெல்லுற வரைக்கும் பேச மாட்டாங்கல்ல?"

ஒரு விஷயத்தில் மட்டும் மனுஷன் படு கறார். இடித்துப் பிழிந்த சாற்றை அப்படியே யாருக்கும் தர மாட்டார். கொஞ்ச நேரம் அசையாமல் வைப்பார். அடியில் மாவு போல வெள்ளையாகப் படியும். தெளிவை மட்டும் இறுத்துக்கொண்டு, "இது நஞ்சுங்க, கொடலை அறுத்துப்போடும்" என்று வெள்ளையைச் சாக்கடையில் கொட்டுவார். ஊரே நம்பியது. நானும் நம்பினேன்.

ஒரு நாள் புதிதாக வந்த மலையாளி சுகாதார இன்ஸ்பெக்டர் கடைக்குள் நுழைந்து, சாற்றுப் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் வெள்ளை.

"எந்தா இது? சுண்ணாம்பு கலக்குறியா?"

"இஞ்சியோட வண்டலுங்க. உக்காருங்க, உங்க முன்னாலயே புதுசா புழிஞ்சு காட்டறனுங்க."

"எனக்கு பஸ் வந்துரும். சுண்ணாம்பு இல்லேன்னா இதைக் குடி. இல்லே, இன்னைக்கே கடையைப் பூட்டணும்."

ஒரு மடக்கில் கடை பிழைத்துவிடும். ராவுத்தரோ கையைக் கட்டிக்கொண்டார்.

"மாட்டனுங்க. நஞ்சுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு, கடைக்காக நானே குடிச்சா நான் என்ன மனுசனுங்க? பூட்டிக்குங்க."

"நஞ்சா? நீயே ஒத்துக்கிட்டல்லோ!" இன்ஸ்பெக்டர் குதூகலமாகக் காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

எனக்கு வந்ததே கோபம்! எங்கிருந்தோ வந்தவர் எங்கள் ராவுத்தரைக் கலப்படக்காரர் என்பதா? பாத்திரத்தைப் பிடுங்கிக் கலக்கி மடமடவென்று குடித்துவிட்டேன்.

"சுண்ணாம்பா இருந்தா வாய் வெந்திருக்கும். பாருங்க சார்!" என்று நாக்கை நீட்டினேன்.

குனிந்து பார்த்தார். தொண்டை எரிந்தது என்னவோ நிஜம், முகத்தில் காட்டிக்கொண்டால்தானே? வெளியே பஸ்காரன் ஹாரனை அமுக்கினான். எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

நன்றி சொல்வார் என்று நினைத்துத் திரும்பினேன். ராவுத்தர் முகம் சிவந்து, கண் கலங்கி நின்றார்.

"ஏனுங் வாத்தியாரே, உங்களுக்குப் புத்தி இருக்குதுங்களா? கடை போனா இன்னொண்ணு போட்டுக்குவனுங்க. நீங்க போனா நான் எங்கீங்க போவேன்?"

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எட்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. எட்டு நாளும் விடிந்ததும் கஞ்சிச் சட்டியோடு என் வாசலுக்கு வந்தார். நான் குடித்து முடிக்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றுவிட்டு, சட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

அந்த மனுஷனுக்காக இன்னொரு பாத்திரம் நீட்டியிருந்தாலும் குடித்திருப்பேன்.