நம்பர் சாமியின் கறுப்புத் துணி

கேன்காரனுக்கு அன்றைக்கு இடுப்பு வலி காலையிலேயே பிடித்துக்கொண்டது. வழக்கமாக நாற்பதாவது கேனுக்குப் பிறகுதான் பிடிக்கும். இருபது லிட்டர் தண்ணீரைத் தோளில் ஏற்றி, மூன்றாவது மாடியில் இறக்கிவிட்டு, காலிக் கேனோடு திரும்பி வருகிறவனிடம் வலி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உடம்பு முழுக்க வலி. நடுநடுவே கொஞ்சம் உடம்பு.

ஆனால் அன்றைக்குத் தோளில் ஒரு கேன்கூட ஏறவில்லை. விடிந்ததிலிருந்து மொபெட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறான். நம்பர் சாமியைப் பார்க்கத்தான்.

வரிசை பழைய டயர்க் கிடங்கின் இரும்புக் கதவில் தொடங்கி, லாரி எடைமேடையைச் சுற்றிக்கொண்டு, பொதுக் கழிப்பறைச் சுவர்வரைக்கும் போயிருந்தது. எல்லாம் உழைக்கிற வண்டிகள். முட்டை அட்டை சுமக்கிற மொபெட், சிமெண்ட் தூசியில் நிறம் போன ஸ்கூட்டர், சைலன்சரைக் கம்பியால் கட்டி வைத்த ஏதோ ஒன்று. கழிப்பறை நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள்கூட இடத்தை விடவில்லை. கூலி உயர்த்திக் கேட்கப் போகலாம் வாங்கடா என்றால் பத்துப் பேர் தேறாத பேட்டை அது. சாமியைப் பார்க்க இருநூறு பேர்.

சாமியின் வரலாறு சின்னது. மூன்று வருஷத்துக்கு முன்புவரை அவர் வண்டிகளுக்கு நம்பர் பலகை எழுதிக்கொண்டிருந்தார். அச்சடித்த பலகைதான் செல்லும் என்று சட்டம் வந்தது. பிரஷைக் கீழே வைத்த மனிதர் தாடியை வளர்த்தார். தாடி நெஞ்சைத் தொட்டதும், எண்கள் தன்னோடு பேசுகின்றன என்று அறிவித்தார். அதுவரைக்கும் கடன்காரர்களைத் தவிர வேறு யாரும் அவரோடு பேசியதில்லை என்பதால், எண்கள் பேசினால் பேசட்டும் என்று ஜனம் விட்டுவிட்டது. பிறகு நம்பியும்விட்டது.

அருள்வாக்கு சொல்கிற முறை இதுதான். கிடங்குக்குள் ஒரு மேஜை. மேஜை மேல் ஒரு மரப்பெட்டி. பெட்டி மேல் கறுப்புத் துணி. சாமி காலையில் துணிக்குள் தலையையும் இரண்டு கைகளையும் விட்டால் மதியம்வரை வெளியே எடுக்க மாட்டார். எடுத்தால் அருள் கலைந்துவிடுமாம். வந்தவன் பேர் சொல்லக் கூடாது, தொழில் சொல்லக் கூடாது. வண்டி நம்பரை மட்டும் கிசுகிசுத்த குரலில் மூன்று தடவை சொல்ல வேண்டும். உடனே துணிக்குள் நீலமாக ஒரு வெளிச்சம் எரியும். அது ஞான ஒளி என்று பேட்டையே ஒத்துக்கொண்டிருந்தது. அதே நீல ஒளி தினமும் படுத்தபிறகு தங்கள் போர்வைக்குள்ளும் எரிகிறதே என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

கேன்காரன் முறை வந்தது. நம்பரைச் சொன்னான். துணிக்குள் நீலமாக எரிந்தது.

"உன் பேரு 'ம'வுல ஆரம்பிச்சு 'ன்'னுல முடியும். நடுவுல புகை மூடுது."

கேன்காரன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"அப்பன் பேரு 'க'வுல ஆரம்பிக்கும். வண்டி உன் கைக்கு வந்து நாலு வருஷம். வர்ற பதினாலாம் தேதியோட உன் காவல் முடியுது மகனே. பதினஞ்சுலேர்ந்து உனக்குக் கண்டம்."

பதினாலாம் தேதி மொபெட்டின் இன்சூரன்ஸ் முடிகிற தேதி. தனக்கும், பெண்டாட்டிக்கும், தகர டப்பாவில் மடித்து வைத்திருக்கிற சீட்டுக்கும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது என்றுதான் அவன் நினைத்திருந்தான். இன்சூரன்சைப் புதுப்பிக்கப் பணம் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னான்.

துணி சிரித்தது.

"விபத்து வரும்னு நெனச்சுதானே அதைக் கட்டுறே? பணம் கட்டிக் கூப்பிட்டா அது வராம இருக்குமா?"

கேன்காரன் யோசித்தான். அதாவது, யோசித்ததாக நினைத்துக்கொண்டான். ஹெல்மெட்டாவது போடலாமா என்று கேட்டுப் பார்த்தான். தலைக்கு மூடி போட்டுக்கொண்டால் அருள் எந்த வழியாக இறங்கும் என்று துணி திருப்பிக் கேட்டது. அதுவும் அவனுக்கு நியாயமாகவே பட்டது.

துணியின் விளிம்புக்கு அடியிலிருந்து செப்புத் தகடு ஒன்று நழுவி வந்தது. சீட்டுக்கு அடியில் வைத்தால் எதிரே வருகிற லாரி தானாக விலகும். போலீஸ் கண்ணுக்கு வண்டியே தெரியாது. விலை, இன்சூரன்சுக்கு ஆகிற அதே தொகை. ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சாமிக்குத்தான் எவ்வளவு கருணை என்று பின்னால் நின்ற முட்டைக்காரர் கண் கலங்கினார்.

வீட்டில் பெண்டாட்டி அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பசைக் கையோடு தகட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். இதைக் காட்டினால் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவார்களா என்று கேட்டாள். அவளுக்குப் பக்தி போதாது என்று கேன்காரன் முடிவுசெய்தான்.

எடைமேடைக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருந்தவள் ஐம்பது வயதுப் பெண்பிள்ளை. எல்லாருக்கும் பஞ்சர் அக்கா. பேட்டையில் ஓடுகிற எந்த வண்டியின் குடலும் அவளுக்கு மனப்பாடம். கேன்காரனின் பின் பிரேக்கைப் பார்த்துவிட்டு, கட்டை தேய்ந்துபோச்சு, மாற்றிவிடு தம்பி என்று ஒரு மாதத்தில் இரண்டு தடவை சொன்னாள். முதல் தடவை அவனிடம் பணம் இல்லை. இரண்டாம் தடவை தகடு இருந்தது.

மறு மாதம் மூன்றாம் தேதி, ஆறு நிறைகேன்களோடு எடைமேடைச் சரிவில் இறங்கினான். பிரேக்கை மிதித்தான். மிதி உள்ளே போயிற்று, வண்டி நிற்கவில்லை. நூற்றிருபது கிலோ தண்ணீர் பின்னாலிருந்து தள்ளியது. ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து, ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்த பஞ்சர் அக்காவின் வலது காலில், முழங்காலுக்குக் கீழே, மொபெட் ஏறி நின்றது. எலும்பு முறிகிற சத்தம் அவனுக்குக் கேட்டது. காலிக் கேனை மிதித்தால் வருகிற சத்தம்.

தகடு சீட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

கண்ணுக்கே தெரியாத வண்டியை அரை மணி நேரத்தில் போலீஸ் வந்து பார்த்தது. இன்சூரன்ஸ் முடிந்து பத்தொன்பது நாள் என்று ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். அது உயிரோடு இருந்திருந்தால் அந்த அம்மாவின் காலுக்குக் கம்பெனி பணம் கட்டியிருக்கும், இனி எல்லாம் உன் தலையில்தான், வழக்கும் அபராதமும் தனி என்று எழுத்தர் விளக்கினார். கேன்காரன் தகட்டை எடுத்து நீட்டினான். எழுத்தர் அதை வாங்கி, காகிதம் பறக்காமல் மேலே வைத்துக்கொண்டு மிச்சத்தையும் எழுதி முடித்தார். அதற்கு முன்போ பின்போ அந்தத் தகடு உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

இத்தனைக்குப் பிறகு ஒரு மனுஷன் எங்கே போக வேண்டும்? கேன்காரன் நேராகச் சாமியிடம் போய் நடந்ததைச் சொன்னான்.

"தகடு யாருக்கு வாங்கினே?" என்றது துணி.

"எனக்குத்தான் சாமி."

"உனக்கு ஏதாவது ஆச்சா?"

"இல்ல சாமி."

"அப்புறம் என்ன? தகடு வேலை செஞ்சிருக்கு. கால் போனது அவளுக்கு. அவ எங்கிட்ட வாங்கலியே."

பெரிய தகடு ஒன்று இருக்கிறது, இரண்டு மடங்கு விலை, ரோட்டில் போகிற மற்றவர்களுக்கும் சேர்த்துக் காவல் என்றும் துணி சொன்னது. சொன்னால் வெட்கக்கேடு, கேன்காரன் தலையை ஆட்டிவிட்டுத்தான் வெளியே வந்தான்.

ஒரு வாரம் கழித்து, பஞ்சர் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலம் அவளைப் பார்க்கப் போனான். கடைக்குப் பின்னால் அவள் குடியிருக்கிற ஒற்றை அறையில், மாவுக்கட்டுப் போட்ட காலை ஒரு லாரி டயர் மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடை மூடிக் கிடந்தது. கால் ஊன்ற நாலு மாதமாகும் என்றார்களாம். குந்தி உட்கார முடியுமா என்பதை அதற்குப் பிறகுதான் சொல்வார்களாம். பஞ்சர் ஒட்டுகிறவளுக்குக் குந்த முடியாவிட்டால் சோறு இல்லை. அவன் அழுதான். தகட்டுக் கதையைச் சொன்னான்.

"அந்த இன்சூரன்ஸ் உனக்காகக் கட்டச் சொல்றாங்கன்னா நெனச்சே?" என்றாள் அவள். "உன் வண்டிக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கிறவளுக்குப்பா அது. எனக்கு."

பிறகு, சாமி என்ன சொன்னான், ஒன்று விடாமல் சொல்லு என்றாள். முதல் எழுத்து, கடைசி எழுத்து, நடுவில் புகை, பதினாலாம் தேதி என்று எல்லாவற்றையும் அவன் ஒப்பித்தான். அவள் யோசித்தாள். அந்த விஷயத்தைப் பற்றிப் பேட்டையில் ஒரு ஆள் யோசித்தது அதுவே முதல் தடவை. தன் போனை எடுத்து எதையோ தட்டிப் பார்த்தாள். சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டு குலுங்கியது.

அந்தப் பேட்டையில் பழைய வண்டி கைமாறுகிற விதம் ஒன்று உண்டு. காசைக் கொடு, சாவியை வாங்கு, தீர்ந்தது. பேர் மாற்ற ஆபீசுக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்று யாரும் போவதில்லை. சிமெண்ட் மூட்டை தூக்குகிற மீசைக்காரர் ஓட்டுகிற மொபெட் மூன்று கை மாறி அவரிடம் வந்தது. காகிதத்தில் இன்னும் அது எப்போதோ ஊரைவிட்டுப் போன ஒரு நர்ஸ் அம்மாவின் வண்டி. பஞ்சர் அக்காவுக்கு அது தெரியும். சாமிக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலை, கேன்காரன் ஒரு தட்டுவண்டியில் அக்காவை உட்காரவைத்து, இடுப்பு விண்ணென்று தெறிக்கத் தள்ளிக்கொண்டு வந்தான். மாவுக்கட்டைப் பார்த்து வரிசை வழிவிட்டது. பெரிய தகடு வாங்க வந்திருக்கிறாள் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மீசைக்காரர் மேஜை முன்னால் போய் உட்கார்ந்து, அக்கா சொல்லிக்கொடுத்தபடி மொபெட் நம்பரை மூன்று தடவை கிசுகிசுத்தார்.

துணிக்குள் நீல வெளிச்சம் எரிந்தது.

"உன் பேரு 'வ'வுல ஆரம்பிச்சு 'ரி'யில முடியும். நடுவுல புகை."

மீசைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"வீட்டுக்காரர் பேரு 'சு'வுல ஆரம்பிக்கும்."

"யாரு வீட்டுக்காரர் சாமி?" என்று மீசைக்காரர் அதே கிசுகிசுப்பில் கேட்டார்.

"உன் புருஷன்தான் மகளே."

முதலில் சிரித்தது முட்டைக்காரர். பிறகு கிடங்கே சிரித்தது. அருள்வாக்கு தொடங்கியதிலிருந்து முதல் தடவையாகச் சாமியின் தலை மதியத்துக்கு முன்பே வெளியே வந்தது. எதிரே ஒரு முழ மீசை உட்கார்ந்திருந்தது. சாமி தாடியை நீவிக்கொண்டார்.

"அது போன ஜென்மத்துப் பேரு," என்றார்.

"போன ஜென்மத்துலயும் இதே மொபெட்டைத்தான் ஓட்டினாராக்கும்," என்றாள் பஞ்சர் அக்கா.

சொல்லிக்கொண்டே ஊன்றுகோலை நீட்டித் துணியைக் கொத்தி இழுத்தாள். பெட்டிக்குள் ஞானம் கிடந்தது. கண்ணாடியில் கீறல் விழுந்த ஒரு போன். சார்ஜர் ஒயர் பெட்டியின் ஓட்டை வழியாகச் சுவருக்குப் போயிருந்தது. அக்கா தன் போனில் வண்டி ஆபீசின் இணையப் பக்கத்தைத் திறந்து அதே நம்பரைத் தட்டி உரக்கப் படித்தாள். முதலில் 'வ'. கடைசியில் 'ரி'. நடுவில் அஞ்சு புள்ளி. "அதுதான் புகை," என்றாள். கணவர் பேர் 'சு'. இன்சூரன்ஸ் முடிந்த தேதியும் கீழே இருந்தது. பேட்டையில் பாதிப் பேர் கண்டம் தொடங்கும் தேதியென்று பயந்து நடுங்கிய சமாச்சாரம் அவ்வளவுதான். யாரும் தட்டலாம். காசு கிடையாது.

"இரு, இன்னும் ஒரு நம்பர் இருக்கு," என்றாள்.

கிடங்கின் மூலையில், தூசி படாமல் உறை போட்டு மூடி, சாமியின் சொந்த ஸ்கூட்டர் நின்றது. உறையை விலக்கி அதன் நம்பரைத் தட்டினாள். போன மாதம்தான் புதுப்பித்திருந்தார். அடுத்த வருஷம்வரைக்கும் செல்லும். மீசைக்காரர் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். தகடு இல்லை. ஹெல்மெட் இருந்தது.

சாமியின் காலில் விழுவதா, காலை வாரி விடுவதா என்று கூட்டம் முடிவு செய்வதற்குள், சாமி ஹெல்மெட்டைப் பிடுங்கி, தாடியை உள்ளே திணித்து, பட்டையையும் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். எடைமேடை முனையில் முறையாக இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினார். அந்தப் பேட்டையில் அன்றைக்குச் சட்டப்படி ஓடிய ஒரே வண்டி அதுதான்.

புழுதி அடங்கியது. பிறகு முட்டைக்காரர், இவன் போலி, ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் அசலான ஒருத்தர் இருக்கிறாராம், அவர் சக்கரத்து ரேகையைப் பார்த்தே சொல்லிவிடுவாராம் என்று மெதுவாக ஆரம்பித்தார். நாலைந்து பேர் காதைக் கொடுத்தார்கள்.

பஞ்சர் அக்கா தட்டுவண்டியிலிருந்து திரும்பினாள்.

"அவன் பெட்டிக்குள்ள வெச்சிருந்தது உங்க எல்லார் சட்டைப்பையிலயும் இருக்குய்யா. பொழுதன்னைக்கும் தேய்க்கிறீங்களே, ஒரு தடவ கேள்வி கேக்கத் தேய்ங்க."

சொல்லிவிட்டு, வண்டியைத் தள்ளச் சொன்னாள். கேன்காரன் தள்ளினான். இடுப்பு வலித்தது. தகட்டை வழியில் பழைய இரும்புக் கடையில் போட்டான். அது ஒரு பிரேக் கட்டை வாங்கக்கூடப் பற்றவில்லை. அக்காவின் காலுக்குள் கம்பி வைத்துக் கட்டுப் போட்டதற்கு ஆன முப்பத்தெட்டாயிரம் அவன் தர வேண்டியது. இன்னும் தரவில்லை.