வினிகரில் குளித்த கிளாஸ்கள்

படித்தவர்களுக்கு ஒரு கோளாறு உண்டு. அரைகுறையாகத் தெரிந்ததையும் அழுத்தமாகச் சொல்லிவிடுவோம். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான் என்பதால், இந்தக் கோளாறும் வீட்டில் எனக்கு மட்டுமே இருந்தது.

வெள்ளைக்காரன் ஆட்சியின் அவசரகாலத்தில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக்கூடாது என்று, எங்கள் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். வேலிக்குள் வெட்டிய புதுக் கிணற்றில் தண்ணீர் தாராளம். பாத்திரங்களில் அது விட்டுப்போகும் வெள்ளைக் கறையும் தாராளம். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் கண்ணாடி கிளாஸ்கள் சுண்ணாம்பு அடித்த சுவர்போல நின்றன.

அந்த நேரம் பார்த்து, சிம்பாங் அம்பாட்டிலிருந்து அண்ணனுக்குப் பெண் கொடுப்பதற்காக வீடு பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. (அண்ணனுக்கு லாரி ஓட்டும் வேலை. எந்த வளைவில் யார் சுடுவார்களோ என்றிருந்த காலத்தில் லாரிக்காரனுக்கு யார் பெண் தருவார்கள்?)

“இந்தக் கிளாஸ்ல தேத்தண்ணி குடுத்தா, கழுவுறதே இல்லன்னு நெனைப்பாங்கடி” என்று அம்மா புலம்பினாள்.

“அது அழுக்கில்லம்மா, சுண்ணாம்புச் சத்து. வினிகர்ல ஊற வெச்சா கரைஞ்சிடும்.”

“புத்தகத்துல இருக்கா?”

“இருக்கு.”

எங்கள் வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

சீனர் கடை வினிகரில் கறை ஓடியே போனது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கிணற்றுத் தண்ணீரில் அலசினால் கறை மறுபடி வருமே என்று என் மூளை கூடுதலாக வேலை செய்தது. ஆகவே வினிகரைக் கொட்டியதோடு சரி, அலசவில்லை. பளபளப்பு தெரியவேண்டும் என்று கவிழ்க்கவும் இல்லை.

வேலி கேட்டில் காவலர்கள் பையைக் கொட்டிச் சோதித்ததில் பெண்ணின் அப்பா கடுகடுவென்று வந்து உட்கார்ந்தார். நான் காலி கிளாஸ்களை அவர் முன்னால் வைத்து (ரசிக்கட்டுமே!), பசும்பால் கலந்த தேத்தண்ணியை அங்கேயே ஊற்றினேன். விழுந்த வேகத்தில் அது திரிதிரியாகப் பிரிந்தது.

அவர் முகர்ந்து பார்த்தார். “என்னம்மா இது, அச்சார் ஊறுகாய் வாடை அடிக்குது?”

“பால் திரிஞ்சிருச்சே, சகுனம் சரியில்லையே” என்றார் பெண்ணின் அத்தை.

“சகுனம் இல்ல அத்தை, அமிலம்” என்று நான் விளக்கத் தொடங்கினேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

பெண்ணின் அப்பா என் விளக்கத்தை முழுதும் கேட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பினார். “வீட்டுல சமையல் இந்தப் பொண்ணுதானா?”

“ஐயோ, இல்லீங்க! இது படிக்கிற பொண்ணு. அடுப்பு பக்கமே விடமாட்டோம்” என்றாள் அம்மா. ஒரே நொடியில் என்னைக் கைகழுவிவிட்டாள்.

“படிச்ச நாத்தனா இருக்கே, எம்மவள அதிகாரம் பண்ணுமோன்னு பயந்துகிட்டே வந்தேன்.” அவர் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார். “இப்ப அந்தப் பயம் போச்சு லா. தேதி பாருங்க.”

அண்ணி வந்த நாள்முதல் அடுப்படி அவள் கையில். வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணன் என்னைக் காட்டி இன்றும் சொல்கிறான்:

“பயப்படாம குடிங்க. கிளாஸ் கழுவுனது படிக்காதவங்க.”