கோட்டைவாசலில் கேட்ட குரல் என்னுடையதல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் நலமென நம்புகிறேன்.

ஞாயிறன்று நான் "உள்ளே வாருங்கள்" என்று சொல்லவில்லை. "கோட்டைவாசல் வீட்டுப் பெண் இனிய குரலில் புதிய பிஷப்பை வரவேற்றார்" என்று தங்கள் இதழ் எழுதியிருப்பது பொய்.

அந்தக் கோட்டைவாசலில் மிஞ்சியிருப்பது கதவில்லாத ஒரு கல் நிலையும், பாதிக் கோபுரமும், அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் என் வீடும்தான். ஆனாலும் புதிய பிஷப் அந்த நிலையைக் கோலால் மூன்று முறை தட்ட வேண்டும், இங்கே குடியிருப்பவர் அழைத்தால்தான் பேராலய வளாகத்துக்குள் கால் வைக்கலாம் என்பது அறுநூறு ஆண்டு வழக்கம். தேநீர்க் கடை வைக்கப் போகிறோம், மார்ச்சுக்குள் வீட்டைக் காலி செய் என்று பேராலயத்தார் செவ்வாயன்று கடிதம் அனுப்பிவிட்டு, ஞாயிறன்று வரவேற்கவும் சொன்னால் என்ன நியாயம்? பிஷப் தட்டினார். நான் சன்னலருகே வாயை மூடிக்கொண்டு நின்றேன். மழை பிடித்தது. நிலைக்கு இடப்பக்கம் என் வீடு, வலப்பக்கம் வெறும் புல்தரை. நாலடி நடந்தால் உள்ளே போய்விடலாம். ஊர்வலமாக வந்த நானூறு பேரில் ஒருவர்கூட நகரவில்லை. வரிசை கலையாமல் குடை விரித்தார்கள்.

பேராலய ஊழியர் டாப்ஸெல் சன்னலுக்குக் கீழே வந்தார். "ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்கம்மா. மேயர் தொப்பி இறகு மூக்குல ஒட்டிக்கிட்டு நிக்குது."

"அந்த லெட்டர வாபஸ் வாங்கச் சொல்லுங்க. இல்லன்னா சுத்திக்கிட்டுப் போங்க."

"சுத்திக்கிட்டா? நாம என்ன காட்டுமிராண்டிங்களா?"

இருபது நிமிடம் கழித்து என் சுவரோரமாக ஒரு குரல் கீச்சென்று "உள்ளே வாருங்கள்" என்றது. எட்டிப் பார்த்தால், என் ரோஜாச் செடிகளுக்கு நடுவே மூத்த பாதிரியார் லவிபாண்ட் குந்தியிருக்கிறார். எனக்கு வந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான்.

"நீ சொல்லலன்னா யாராவது சொல்லணும்ல?" என்றார், முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.

வீட்டைக் காப்பாற்ற எனக்கிருந்த ஒரே ஆயுதம் என் மௌனம். அதைத் தாங்கள் இனிய குரலாக்கிவிட்டீர்கள். உடனே திருத்தம் வெளியிட வேண்டும்.

தங்கள் வாசகர்கள் அனைவருக்கும் காய்ந்த வானம் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
ரோவெனா ட்ரஸ்காட்

பி.கு.: இதை அச்சிட வேண்டாம். உறையை ஒட்டப்போகும்போது பிஷப் தனியாக வந்து கதவைத் தட்டினார். "அது உன் குரல் இல்லன்னு அப்பவே தெரியும்மா. கால் மரத்துப்போச்சு, நுழைஞ்சுட்டேன்" என்றார். காலி செய்யச் சொன்ன கடிதத்தைக் காட்டினேன். என் மேசையிலேயே அதை ரத்துசெய்து கையெழுத்திட்டார். முறையாக அழைக்கப்படாத பிஷப்பின் கையெழுத்து எதற்கும் செல்லாதாம். ஆகவே ஞாயிறன்று கேட்ட இனிய குரல் என்னுடையதே. தேநீர்க் கடையை நூலகத்தின் அடித்தளத்தில் வைக்கிறார்கள்.