கூடாரம் பை புகுந்த படலம்

வாழ்க அவளுடைய இரு கரங்கள்! பார்சல் அலுவலகத்து மூன்றாம் ஜன்னலில் வீற்றிருந்து, பிறர் கட்டிக் கொணரும் பொட்டலங்களை ஒற்றை விரலால் அழுத்திப் பார்த்து, "தாங்காது, பிரிச்சுக் கட்டிட்டு வாங்க" என்று தீர்ப்பளித்துத் திருப்பியனுப்பும் தீரத்தாய், சணல்கயிற்றின் தலைவி, இரு பெண்மக்களை ஈன்ற பெருமாட்டி, ஞாயிறு முற்பகலில், ஏரிக்கரை முகாமில், ஒரு கூடாரத்தைப் பைக்குள் அடைக்கப் புகுந்த போரின் வரலாறு இது.

கூடாரம் அவளுடையதன்று. கணவனின் தங்கை கூடாரத்தையும், தரையில் விரிக்கும் பாயையும் இரவல் தந்தாள். தரும்போதே சிரித்தாள்.

"விரிக்கிறது யாரு வேணா விரிச்சிடலாம் அண்ணி. திரும்பப் பைக்குள்ள போகணுமே! குடுத்த மாதிரியே பையோட வந்துச்சுன்னா அடுத்த வருஷமும் தர்றேன்."

"பார்சல் ஆபீஸ்காரிகிட்ட பேசுற பேச்சா இது?" என்று அன்று அண்ணி முழங்கியிருந்தாள்.

புகையில் கண் எரிந்து, காலணிக்குள் தவளை குடிபுகுந்து, கருகிய ரொட்டியை அமுதென உண்டு இரண்டு நாள் திளைத்த பெண்மக்களோ, அடுத்த வருடத்துக்கும் இதே மரத்தடியை இப்போதே பிடித்துவைத்துவிட்டனர். ஆகவே குடும்ப மானமும், வரும் ஆண்டின் தவளைகளும், அச்சிறு பையின் சுருக்குவாயில் ஊசலாடின.

முதற்போரில் அவள் கூடாரத்தைச் சுருட்டித் திணித்தாள். பாதி புகுந்தது. மீதிப் பாதி, மாட்டை விழுங்கப் பார்த்த பாம்பின் வாயில் மாடு நிற்பதுபோல் வெளியே நின்றது.

"உள்ள காத்து மாட்டிக்கிச்சும்மா" என்று அறிவித்தாள் மூத்தவள், பத்து வயதுப் படைத்தலைவி. "வாசல் ஜிப்பைத் திறந்து வெச்சிட்டு அந்தக் கோடியிலேர்ந்து சுருட்டணும்."

அவ்வாறே சுருட்டினர். மண்டியிட்டு நகர்ந்தனர். காற்று, தோற்றோடும் படைபோல் ஜிப்வாசல் வழியே பெருமூச்செறிந்து வெளியேறியது. இப்போது முக்கால் பங்கு புகுந்தது. வெளியே நின்ற கால் பங்கு சிரித்தது. அது அவள் நாத்தனாரின் சிரிப்பாகவே இருந்தது.

இத்தனை அமளிக்கு நடுவே இளையவள், ஐந்து வயதினள், அக்குள் வரை ஒரு நீலச்சாக்கினுள் நின்றபடி புல்வெளியெங்கும் தத்தித் தத்திச் சென்றாள்.

"அடியே, அதை விட்டு வெளிய வா. விழுந்து பல்லை உடைச்சுக்காதே."

"நான் கங்காரும்மா. அம்மா, இந்தப் பை எவ்ளோ பெருசா இருக்கு பாரேன்!"

"உன் வேலையப் பாரு. இங்க நாங்க சாகுறோம்."

கங்காரு தன் வேலையைப் பார்த்தது.

முகாம் பேருந்து முதல் ஹாரனை முழக்கியது. அந்தப் போர்முரசு கேட்டதும் தாயின் கண்கள் சிவந்தன. மூத்தவளைக் கூடாரத்தின்மேல் அமர்த்தி, தானும் அமர்ந்து, ஜன்னலுக்கு வெளியே கெஞ்சி நின்ற எத்தனையோ பொட்டலக்காரர்களின் சாபமெல்லாம் ஒன்றுதிரண்டு எதிர்த்தாற்போல் திமிறிய அத்துணிமலையை முழங்காலால் மிதித்து, முழங்கையால் குத்தி, முகவாயால் அமுக்கி, "இழுடி கயிற்றை!" என்று அவள் ஆர்ப்பரிக்க, மகள் இழுக்க, தையலில் இரண்டு நூல் தெறிக்க, பையின் வாய் மூடியது.

ஏரி அமைதியுற்றது. தாய் எழுந்தாள். மத்தளம்போல் விம்மி நின்ற பையை ஒற்றை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"தாங்கும்" என்றாள்.

அப்போது கங்காரு கால் இடறி அவள் காலடியில் வந்து விழுந்தது. பல் உடையவில்லை. நீலச்சாக்கு மட்டும் நழுவி, அதன் மறுபக்கம் மேலே வந்தது. அங்கே பெரிதாக ஒரு கூடாரத்தின் படம் அச்சிட்டிருந்தது.

மூத்தவள் படத்தைப் பார்த்தாள். பிறகு மரத்தடியில் உறையின்றிச் சுருண்டு கிடந்த பாயைப் பார்த்தாள்.

"அம்மா... நாம அடைச்சது பாயோட பை."

"நான் அப்பவே பெருசுன்னு சொன்னேன்ல?" என்றது தரையில் கிடந்த கங்காரு.

ஆகா! பாய்க்கென்று தைத்த பையில் கூடாரத்தையே அடைத்த கைகள் உலகில் வேறெங்கு உண்டு? நாத்தனாரின் ஏழு தலைமுறையும் கூடி முயன்றாலும் ஆகுமோ? இத்தனை குருதியும் வியர்வையும் சிந்திப் பிடித்த கோட்டையை, பெயர்ப்பலகை பிழையென்று திரும்பத் திறந்துவிடும் வேந்தனும் உண்டோ? அவள் நிமிர்ந்தாள், விண்ணை நோக்கினாள், பேருந்து இரண்டாம் முறை முழங்கியது, "ஒருத்தியும் வீட்டுல வாயைத் திறக்கக் கூடாது!" என்று ஆணை பிறந்தது.

சின்னப் பையை அப்படியே பெரிய பைக்குள் போட்டு, இடம் மிச்சம் இருந்ததால் பாயையும் போட்டுக் கட்டினார்கள்.