ஜீன் மாஸ்டரோட கறுப்புத் தண்ணி

ஹால்ல நிக்க இடமில்ல. லிஃப்ட் புட்டுக்கிச்சு, ஆனாலும் ஜனம் மூச்சு வாங்க நாலு மாடி ஏறி வருது. ஜீன் மாஸ்டர் வந்திருக்காராம்ல! எந்த ஜீன் மக்கர் பண்ணி வியாதி வந்தாலும், கையில ஒரே வளையம், முடிஞ்சுது சோலி! நாலு மாடி ஏறுற உடம்புக்கு என்னடா கோளாறுன்னு ஒருத்தரும் கேக்கல.

கூட்டத்துல ஒரு அண்ணன், தங்கச்சி. லேப்ல வேலை பாக்குற தங்கச்சி அண்ணன் சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டிருந்தா. அண்ணன் கையில இன்சுலின் ஊசி. சின்ன வயசுலேர்ந்து அதுலதான் உயிர் ஓடுது. அவங்கவங்க மருந்தை மேடைப் பக்கத்துக் கூடையில போட்டாதான் வளையமாம்.

"அண்ணே, ஊசியை விட்டா ரெண்டே நாள்ல ஐசியூ!"

"சும்மா இருடி. கண்ணால பாக்குறேன்ல?"

என்னத்தப் பாத்தாரு? டம்ளர்ல கறுப்புத் தண்ணி. மாஸ்டர் ஒரு அம்மாவோட விரலை அதுல முக்கினாரு. கறுப்பு அசையல. "பாத்தீங்களா? ஜீனோட சிக்னல் செல்லுக்குப் போகல!" வளையத்தை மாட்டிவிட்டு, இன்னொரு டம்ளரை நீட்டினாரு. "இப்போ துப்புங்க." கொஞ்ச நேரத்துல தண்ணி பளிச்! கைதட்டல்ல காது கிழிஞ்சுது.

தங்கச்சி விறுவிறுன்னு மேடையேறினா. "முதல்ல விரலு, அப்புறம் எச்சில். ஏன் மாத்துறீங்க?"

"அது ஜீனோட ரகசியம்மா."

"அப்ப நான் வளையம் இல்லாம துப்புறேன். இந்தம்மா வளையத்தோட விரல் வைக்கட்டும்."

மாஸ்டர் டம்ளரைப் பின்னால இழுத்தாரு. கூட்டத்துல ஒருத்தர், "அட, துப்பட்டும்யா!"

துப்பினா. வெளுத்துச்சு. வளையம் போட்ட விரலு? கறுப்பு கறுப்பாவே நின்னுச்சு.

"இது மாவுத் தண்ணியில காயத்துக்குப் போடுற அயோடினைக் கலந்தது. எச்சில்ல இருக்குற ஒரு புரதம் மாவை உடைச்சுடும், கறுப்பு போயிடும். அந்தப் புரதத்தைச் செய்யக் குறிப்பு குடுக்குறது ஜீன். அண்ணே, இன்சுலினும் புரதம்தான். அது செல்லைத் தட்டும், உள்ள இருக்குற புரதங்க ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லிச் சர்க்கரைக்குக் கதவு திறக்கும். உன் உடம்பு இன்சுலின் செய்யல, அதான் ஊசி. இந்த வளையம் போய்த் தட்டுமா?"

அண்ணன் ஊசியைச் சட்டைப் பைக்குள்ள சொருகினாரு. ஜனம் கூடையைக் கவுத்து அவங்கவங்க மருந்தைத் தேடுது. வேர்த்து ஊத்தின மாஸ்டர், நைசா ஒரு பிரஷர் மாத்திரையை வாயில போட்டாரு.

"ஏன் மாஸ்டர், உங்களுக்கு வளையம் அளவு பத்தலியா?" அண்ணன் கேட்டதும் ஹாலே சிரிச்சுது.

நம்ம எச்சில் கூட வந்த மாவை உடைச்சுப் பாக்குதுங்க. மூளை மட்டும் வந்ததை அப்படியே முழுங்கணுமா?